காலடியில் ஒரு கணப்பு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

கோடை விடுமுறையில் கொடைக்கானலுக்கு வந்து, ஏரியைச் சுற்றி, தூண் பாறையைக் கண்டு, மாலையில் பேருந்தேறி இறங்கிவிடும் நண்பர்கள் அம்மலையின் குளிரைப் புகழ்ந்து பேசக் கேட்டிருக்கிறேன். அவர்கள் காண்பது மே மாதக் குளிர். ஐப்பசி அடைமழையிலும் தை மாதப் பனியிலும் அங்கேயே கிடந்து உழைப்போரின் குளிர் வேறு. அதிலும் வீட்டின் கீழறையில் படுத்துறங்குவோரின் குளிர் முற்றிலும் வேறு. அக்கீழறையை எவ்வாறு வாழத்தக்கதாக்கலாம் என்பதற்கு நம் வெப்பவியல் பாடம் ஒரு வழி காட்டுகிறது. தரைக்கு அடியிலிருந்து அறையைச் சூடாக்குவதே அவ்வழி. அதனை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் ‘கீழறை’ என்பது யாதெனக் கூறிவிடுகிறேன். மலையில் சமதளம் அரிது. சாலை மட்டத்தில் வாசல் வைத்துக் கட்டும் வீட்டிற்குப் பள்ளத்துப் பக்கமாக ஓர் அறை அடியில் தானே அமைந்துவிடும். அதன் பின்சுவரும் பக்கச்சுவர்களும் மண்ணை ஒட்டி நிற்கும். முன்சுவர் ஒன்றே வெளிச்சம் காணும். ஆங்கிலேயர் ‘பேஸ்மெண்ட்’ என்பது இதனை. நம் கொத்தனார்கள் ‘பேஸ்மட்டம்’ என்பதோ தரைக்கு மேல் எழுப்பி மண் நிரப்பும் அடித்தளத்தை. இரண்டும் ஒன்றல்ல. விடுதியாக இருந்தால் மேல்தளத்தில் விருந்தினர், கீழறையில் காவற்காரர் குடும்பம். வீடாக இருந்தால் விறகு, உருளைக்கிழங்கு மூட்டை, இடம் போதாத வீட்டில் முதியோரின் படுக்கை. நான் பள்ளிப்படிப்பு முழுவதையும் அத்தகைய ஒரு கீழறையில்தான் படித்தேன். என் தந்தையார் கொத்தனார். விடுமுறைகளில் அவரோடு நானும் சாந்துச் சட்டி சுமந்திருக்கிறேன். ஆகவே கீழே வரும் செய்திகளில் பாதி வகுப்பறையில் கற்றவை, மீதி சாரத்தில் நின்று கற்றவை.

குளிர் இருவகை

கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் உள்ளது. சனவரி மாத இரவுகளில் வெப்பநிலை சராசரியாக 8 டிகிரி செல்சியஸ் அளவிற்கு இறங்கும். ஏரிக்கரையிலும் மன்னவனூர்ப் பக்கத்துப் புல்வெளிகளிலும் சில விடியற்காலைகளில் புல்நுனியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்குக் கதிர்வீசி இழக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று பள்ளங்களில் வந்து தேங்குகிறது. அதனால்தான் மேட்டில் இல்லாத உறைபனி பள்ளத்தில் காணப்படுகிறது. இது முதல் வகை.

இரண்டாம் வகை மழைக்காலக் குளிர். வெப்பமானியைப் பார்த்தால் 12, 13 டிகிரி இருக்கும். இதற்கா நடுங்குகிறார்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் காற்றின் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு அருகில் நிற்கும். போர்வை காயாது; சுவரில் ஓதம் ஏறும்; பெட்டியில் வைத்த சான்றிதழ்கூடப் பூஞ்சணம் பிடிக்கும். நிலத்தடியில் சில மீட்டர் ஆழத்தில் வெப்பநிலை ஆண்டு முழுவதும் அவ்விடத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். கொடைக்கானலில் அது 15 டிகிரிக்கு அருகில். மண்ணை ஒட்டிய கீழறையின் தரையும் சுவரும் அந்த 15 டிகிரியை விட்டு அசைவதில்லை. உறைபனி இரவில் இஃது ஒரு நன்மைதான். வெளியே 3 டிகிரி இருக்கையில் கீழறை ஓரளவு காக்கிறது. ஆனால் அதைவிட வெதுவெதுப்பான ஈரக்காற்று உள்ளே புகுந்து அந்தக் குளிர்ந்த கல்லைத் தொடும்போது தரையே வியர்க்கிறது.

முதல் வகைக் குளிருக்குப் போர்வை போதும் என்பேன். இரண்டாம் வகைதான் முதியோரின் மூட்டையும் குழந்தைகளின் நெஞ்சையும் பிடிக்கிறது. எங்கள் அப்பத்தா குளிரைப் பற்றிக் குறைபட்டதே இல்லை. ‘தரை கடிக்குது’ என்றுதான் சொல்வார்.

தரை ஏன் கடிக்கிறது?

ஓர் அறையில் கல்லும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் வெறுங்காலுக்குக் கல்லே குளிர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. கருங்கல்லின் வெப்பக் கடத்துதிறன் மரத்தினுடையதைப் போல் பதினைந்து மடங்கிற்கும் மேல். கல் காலிலிருந்து வெப்பத்தை விரைந்து உறிஞ்சி உள்ளே அனுப்பிவிடுகிறது. இது தொடுவதால் நேரும் இழப்பு.

தொடாமலும் இழப்பு நேர்கிறது. நம் தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 33 டிகிரி. சும்மா அமர்ந்திருக்கும் மனிதன் 100 வாட் அளவிற்கு வெப்பத்தை வெளிவிடுகிறான். அதில் பெரும்பங்கு, காற்று அசையாத அறையில், கதிர்வீச்சாகச் சுற்றியுள்ள பரப்புகளுக்குச் செல்கிறது. ஆகவே நமக்குத் தோன்றும் வெப்பநிலை காற்றின் வெப்பநிலை மட்டுமன்று. காற்று, சுற்றுப்பரப்பு இரண்டின் சராசரிக்கு அருகில் அது இருக்கும். காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கி, சுவரும் தரையும் 14 டிகிரியில் கிடந்தால், உடல் உணர்வது 17 மட்டுமே. மின்விசிறி வைத்த சூட்டுப்பெட்டியை நிறுத்திய ஐந்தாம் நிமிடமே அறை மீண்டும் குளிர்ந்துவிட்டதாகத் தோன்றுவதன் காரணம் இதுவே.

மலைக்கு உரிய செய்தி இன்னொன்றும் உண்டு. 2100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைப்போல் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். அதே கன அளவுக் காற்று அங்கே குறைந்த வெப்பத்தையே சுமக்கும். கதிர்வீச்சுக்கோ காற்று வேண்டியதே இல்லை.

கணப்பும் கரியும்

வெள்ளையர் கட்டிய பங்களாக்களில் ஒவ்வோர் அறையிலும் கணப்பு உண்டு. அமெரிக்கப் பாதிரிமார் 1845-இல் அங்கே குடியேறிய நாளிலிருந்து கொடைக்கானலின் குளிருக்கு விறகே மருந்து. பார்ப்பதற்கு அழகியது, இயற்பியல் நோக்கில் வீண். திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அறைக்குக் கிடைத்தால் மிகுதி. எஞ்சியது புகைபோக்கி வழியே வானுக்குப் போகிறது; போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. இவ்விறகுத் தேவைக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டிலும் தைல மரமும் பழனி மலையின் புல்வெளிகளை எந்த அளவிற்கு மூடிவிட்டன என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

கீழறையில் கணப்பும் கிடையாது. குமுட்டி அடுப்பில் கரி மூட்டி, கதவைச் சாத்தி, படுத்துவிடுவார்கள். கரி குறைந்த காற்றில் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட அதனையே இருநூறு மடங்கிற்கும் மேல் விரும்பிப் பற்றிக்கொள்ளும். உறங்குபவர் விழிப்பதில்லை. மலையூர்களிலிருந்து இத்தகைய செய்தி வராத குளிர்காலம் குறைவு. எரிவது அறைக்கு வெளியே இருக்கவேண்டும், வெப்பம் மட்டும் உள்ளே வரவேண்டும் என்ற விதி இதிலிருந்தே பிறக்கிறது.

இவ்விதியைப் பழங்கால மக்கள் அறிந்திருந்தனர். ரோமானியர் தம் குளியல் மாடங்களின் தளத்தைச் சிறு தூண்களின் மேல் நிறுத்தி, அடியில் சூடான புகையை ஓடவிட்டனர். கொரிய நாட்டு ‘ஒண்டோல்’ வீட்டில் சமையலடுப்பின் புகை படுக்கையறைக் கல்தளத்தின் அடியாகச் சென்றே வெளியேறும். அவ்வளவு தொலைவு போவானேன்? காசுமீரத்துப் பள்ளிவாசல்களில் ‘ஹமாம்’ எனும் அறைகள் உள்ளன. கற்பலகைத் தளத்தின் அடியில் குழிவு. அங்கே விறகு எரிகிறது. மேலே முதியோர் வெதுவெதுப்பான கல்லில் அமர்ந்து தொழுகிறார்கள், பேசுகிறார்கள். புகைக்குப் பதிலாக வெந்நீரைக் குழாயில் ஓடவிடும் முறை இருபதாம் நூற்றாண்டினது. ஜப்பானில் ஒண்டோல் அறை ஒன்றில் அமர்ந்து வியந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்டு ரைட், 1937-இல் கட்டிய ஜேக்கப்ஸ் இல்லத்தில் கான்கிரீட் தளத்தின் அடியில் குழாய் பதித்தார்.

எவ்வளவு வெப்பம் வேண்டும்?

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரமுள்ள ஒரு கீழறையை எடுத்துக்கொள்வோம். வெளியே 9 டிகிரி, உள்ளே 19 டிகிரி வேண்டும். வெளிப்புறம் நோக்கிய 45 செ.மீ. கல்சுவர் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டிற்கு 2 வாட் வீதம் இழக்கும். முன்சுவரின் பரப்பு 10.8 சதுர மீட்டர். எனவே 216 வாட். மணிக்கு ஒருமுறை அறைக்காற்று மாறினால் அதற்கு 80 வாட்டிற்குச் சற்று மேல். மண்ணை ஒட்டிய சுவர்களுக்கு 100 வாட் போல. கூட்டி, சற்றுத் தாராளமாக 500 வாட் என்று கொள்வோம். ஒரு சாதாரண மின்சூட்டுப்பெட்டியின் அளவில் பாதி. நால்வர் உறங்கினால் ஏறத்தாழ 300 வாட்டை அவர்கள் உடல்களே தந்துவிடும் என்பதையும் நினைவிற்கொள்க. ஏழைகளின் வீட்டில் எல்லாரும் ஒரே அறையில் நெருங்கிப் படுப்பதில் வெப்பவியலும் உண்டு.

இந்த 500 வாட்டை 12 சதுர மீட்டர் தரைக்குப் பகிர்ந்தால் சதுர மீட்டருக்கு 42 வாட். சூடான தரை, கதிர்வீச்சும் சலனமும் சேர்ந்து, ஒரு டிகிரி வேறுபாட்டிற்கு 11 வாட் போலத் தரவல்லது. ஆகவே தரை அறையைவிட 4 டிகிரி மிகுதியாக, அதாவது 23 டிகிரியில் இருந்தாலே போதும்! தொட்டால் சூடென்றே தோன்றாது; கடிக்காது, அவ்வளவே. (மக்கள் நடமாடும் தரை 29 டிகிரிக்கு மேல் போகலாகாது என்பது ஐரோப்பியத் தர விதி. அதற்கு வெகு கீழேயே நாம் நிற்கிறோம்.) தரை 23 டிகிரி ஆவதற்குக் குழாயில் ஓடும் நீர் 30 முதல் 35 டிகிரி இருந்தால் போதுமானது. குளிப்பதற்குக்கூட அந்நீர் ஆறியதாகத் தோன்றும்.

ஈரத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. 13 டிகிரியில் தெவிட்டிய ஆவி அழுத்தம் 11.2 மி.மீ. பாதரசம், 19 டிகிரியில் 16.5 மி.மீ. 95 விழுக்காடு ஈரமுள்ள 13 டிகிரிக் காற்றை, ஆவியைக் கூட்டாமல் 19 டிகிரிக்கு உயர்த்தினால் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டிற்கு இறங்கிவிடும். பூஞ்சணம் செழிக்க 80 விழுக்காட்டிற்கு மேல் வேண்டும். சூட்டைவிட இந்த உலர்வே மழைக்காலத்தில் பெரும்பேறு. குமுட்டி அடுப்போ, கேஸ் அடுப்போ இதைத் தராது. எரியும்போதே நீராவியையும் அறைக்குள் விட்டுவிடும்.

தளம் அமைக்கும் முறை

எனக்குத் தெரிந்த ஒரு விடுதியில் பழைய கான்கிரீட் தளத்தின் மேல் நேராக மின்கம்பி வலையைப் பரப்பி, அதன்மேல் ஓடு பதித்தார்கள். இரண்டு மாத மின்கட்டணம் பார்த்ததும் பொத்தானை அணைத்தவர்கள், பிறகு போடவேயில்லை. தரை சூடாகாமல் இல்லை. மலையையும் சேர்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தது. ஈரமண்ணின் கடத்துதிறன் 1.5 முதல் 2 வரை, தெர்மோகோலினுடையது 0.04-க்கும் கீழ். குழாய் மட்டம் 28 டிகிரி, மண் 15 டிகிரி என வைத்துக்கொண்டு, இடையே அரை மீட்டர் ஈரமண் மட்டுமே தடை என்றால், 12 சதுர மீட்டர் வழியே 550 வாட்டிற்கு மேல் கீழே இறங்கிப் போகும். அறைக்குக் கொடுப்பதற்குச் சமமான வெப்பம் மண்ணுக்கு! 5 செ.மீ. தெர்மோகோல் பலகை இடையில் இருந்தால் இது 120 வாட்டிற்குள் அடங்கிவிடும். பெட்டிகளில் பொருளைச் சுற்றி வரும் மெல்லிய தெர்மோகோல் இதற்கு உதவாது. கால் பட்டால் நொறுங்கும். தளத்திற்கென்றே வரும் அடர்ந்த பலகை வேண்டும்.

ஆனால் தெர்மோகோலுக்கும் முந்திய வேலை வீட்டிற்கு வெளியே இருக்கிறது. ஆண்டுக்கு 1600 மி.மீ. அளவிற்கு மழை பெய்யும் மலையில், மேட்டுப்பக்கத்து நீர் பின்சுவரில் முட்டி நிற்கும்வரை உள்ளே எதைச் செய்தாலும் பயனில்லை. பின்சுவரை ஒட்டி வாய்க்கால் தோண்டி, ஜல்லி நிரப்பி, அடியில் துளையிட்ட குழாயை வாட்டமாக வைத்துப் பள்ளத்துப் பக்கம் நீரை வெளியேற்றவேண்டும். ஈரமான தளத்தைச் சூடாக்கினால் அடியிலுள்ள நீர் ஆவியாகி மேலேறி அறையையே நனைத்துவிடும். வடிகால் வெட்டக் காசில்லை என்றால் தரைச் சூட்டையும் மறந்துவிடலாம் என்பதே என் தந்தையாரின் கருத்து. என் கருத்தும் அதுவே.

உள்ளே, பழைய தளத்தை உடைத்தெடுக்க வேண்டியிருக்கும். பலகை, கான்கிரீட், ஓடு எல்லாம் சேர்ந்து 12, 13 செ.மீ. உயரும், கீழறைகளோ ஏற்கெனவே தலை இடிக்கும் உயரம். தோண்டும்போது அஸ்திவாரத்தின் அடிமட்டத்திற்குக் கீழே போகலாகாது. பழைய கல்வீடுகளின் அஸ்திவாரம் ஆழமற்றது. ஒரு முழம் கூடுதலாகத் தோண்டிவிட்டால் சுவர் இறங்கும். இதே காரணத்தால், இல்லாத கீழறையைச் சரிவை வெட்டிப் புதிதாக உண்டாக்குவதை நான் ஆதரிக்கவில்லை.

தோண்டிய இடத்தில் ஜல்லி இடித்து, மெல்லிய கான்கிரீட் போட்டு, ரசமட்டம் பார்த்து, அதன்மேல் தடித்த பாலிதீன் தாளை விரிக்கவேண்டும். தாளின் ஓரங்கள் சுவரில் ஒரு சாண் ஏறியிருக்கவேண்டும்; ஒட்டுமிடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நன்கு படியவேண்டும். அதன்மேல் தெர்மோகோல் பலகை. சுவரோரத்தில் சுற்றிலும் பலகைத் துண்டைச் செங்குத்தாக நிறுத்தவேண்டும். இல்லையேல் வெப்பம் பக்கவாட்டில் கல்சுவருக்குள் ஓடிவிடும். பிறகு கம்பி வலை. அதில் 16 மி.மீ. குறுக்கிணைப்புப் பாலிதீன் குழாயை 15 செ.மீ. இடைவெளியில் நத்தைச் சுருளாகக் கட்டவேண்டும். 12 சதுர மீட்டருக்கு 80 மீட்டர் குழாய் பிடிக்கும். 80 மீட்டரும் ஒரே துண்டாக இருக்கவேண்டும். கான்கிரீட்டிற்குள் இணைப்பு என்பதே கூடாது. நீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, ஒரு நாள் முழுவதும் அழுத்தமானியின் முள் இறங்காதிருக்கிறதா என்று பார்த்து, அந்த அழுத்தத்தை வைத்துக்கொண்டே 6 செ.மீ. கான்கிரீட் இடவேண்டும். சித்தாளின் மண்வெட்டி குழாயில் பட்டுவிட்டால் அப்போதே தெரிந்துவிடும்.

கான்கிரீட்டைச் சீக்கிரம் காயவைக்கலாம் என்று மறுநாளே வெந்நீரை ஓடவிடத் தோன்றும். கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. முறையாக நீராற்றி, மூன்று வாரம் கழிந்தபின், நாளுக்குச் சில டிகிரியாக உயர்த்தவேண்டும்.

வெப்பம் எங்கிருந்து?

இரவு 10 மணி நேரத்திற்கு அறைக்கு 5 யூனிட்டும் கீழிழப்பிற்கு ஒன்றரை யூனிட்டிற்குள்ளும் வேண்டும். இங்கேதான் கொடைக்கானலின் வானம் நமக்கு உதவுகிறது. சூரியனை ஆராய்வதற்கென்று 1899-இல் அங்கே வானாய்வகம் நிறுவப்பட்டதும், சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதை எவர்ஷெட் 1909-இல் அங்கிருந்து அறிவித்ததும் நாம் அறிந்தவை. மேகமற்ற வானமே உறைபனி இரவைத் தருகிறது என்று மேலே கண்டோம். ஆக, மிகக் குளிர்ந்த இரவுகளை அடுத்துப் பெரும்பாலும் நல்ல வெயில் வருகிறது. அத்தகைய நாளில் ஒரு சதுர மீட்டர் சேகரிப்பானில் 5 யூனிட் போல வெயில் விழும். பாதி நீருக்குச் சேரும். 3 சதுர மீட்டர் சேகரிப்பானும், 60 டிகிரிக்குச் சூடேறும் 200 லிட்டர்த் தொட்டியும் இவ்வறைக்குப் போதும். 60 டிகிரி நீரை நேராகத் தரைக்குள் விடாமல், திரும்பி வரும் நீரோடு கலந்து 35 டிகிரியாக்கும் கலப்புத் திருகு அவசியம்.

ஐப்பசி, கார்த்திகையில் வெயிலை நம்ப முடியாது. அப்போது மின்சாரம் வேண்டும். நேரடி மின்சூட்டில் 6 யூனிட் வெப்பத்திற்கு 6 யூனிட் மின்சாரம் செலவாகும். வெப்ப ஏற்றி என்பது குளிர்பதனப் பெட்டியைத் திருப்பி வைத்தது போன்றது. வெளிக்காற்றின் வெப்பத்தை இறைத்து உள்ளே தள்ளும். 13 டிகிரிக் காற்றிலிருந்து 35 டிகிரி நீருக்கு என்றால் அது 2 யூனிட்டில் வேலையை முடித்துவிடும். நீர் 60 டிகிரி வேண்டும் என்றால் இச்சிக்கனம் கிட்டாது. தரையின் தாழ்ந்த சூடு இரண்டு வழியிலும் நமக்குச் சாதகமாகிறது. வாங்கும் விலைதான் தடை. ஓர் அறைக்கென்று வெப்ப ஏற்றி வாங்குவது கூலி வேலை செய்வோர்க்கு இயலாது. விடுதிகள் மேல்தளக் குளியலறைகளுக்கு வெந்நீர்த் தொட்டி வைத்திருக்கின்றன. அதிலிருந்து ஒரு குழாயைக் கீழே காவற்காரர் அறைக்கு இறக்குவது முதலாளிக்குப் பெருஞ்செலவாகாது. ஈரத்தில் படுத்து நோயுற்று வேலையாள் மாறிக்கொண்டே இருப்பதைவிட மலிவு என்றே நினைக்கிறேன்.

இதையெல்லாம் வரைந்து காட்டியபோது என் தந்தையார் கேட்டது ஒரே ஒரு கேள்வி: ‘சூடு ஏறி இறங்கினால் தரை வெடிக்காதா?’ கான்கிரீட்டின் நீள்விரிவு எண் டிகிரிக்கு ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு. 4 மீட்டர் தளம் 10 டிகிரி ஏறினால் 0.4 மி.மீ. நீளும். சுவரோரத்தில் செங்குத்தாக நிறுத்திய அந்த மெல்லிய பலகைத் துண்டு இந்த நீட்சியையும் தாங்கிக்கொள்ளும். ஓடு பதித்து முடித்தபின் அவ்விடத்தைச் சாந்து பூசி அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.